பாலர் வகுப்பிலிருந்து ஒன்றாம் வகுப்புக்கு

வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டுவிட்டால், அந்தக் குழந்தை ஒன்றாம் வகுப்புக்கு அருகதையுள்ளது என்று நம் பெரியவர்கள் தீர்மானித்தார்கள். பிறந்த தேதியை எழுதி வைக்கும் வழக்கம் இல்லாத காலத்துப் பரீட்சை அது. வேடிக்கையாகத் தோன்றினாலும் அதில் நியாயம் இல்லாமற் போகவில்லை. சின்னஞ்சிறு குழந்தைக்குத் தலை பெரிது, கை குட்டை. ஆறு வயதை ஒட்டித்தான் கை நீண்டு காதை எட்டுகிறது. பிறப்புச் சான்றிதழ் வந்தது, காதுகள் பிழைத்தன.

குழந்தைக்கு இப்படி ஒரு பரீட்சை இருந்தது. பாலர் வகுப்பிலிருந்து ஒன்றாம் வகுப்புக்குப் போகும் உபாத்தியாயினிக்கு எந்தப் பரீட்சையும் இல்லை. தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு 1931-ம் வருஷம் முதல் மின்சார ரயில் ஓடுகிறது. அதில் காலை வேளையில் போகும் உபாத்தியாயினிகள் பேசுவதைக் கேட்டால் விஷயம் விளங்கும். “ஒரு வகுப்புத்தானே மேலே போகிறீர்கள், இதில் என்ன பிரமாதம்?” என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லிவிடுவார். பாலர் வகுப்பு என்றால் பாட்டு, ஒன்றாம் வகுப்பு என்றால் பாடம். இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர். அந்தச் சுவரைத் தாண்டினால் முடிந்தது காரியம் என்பது பொதுவான அபிப்பிராயம். இவ்வட்டாரத்துப் பள்ளிகளில் வெகு காலம் உழைத்துவரும் நமக்கு அந்த அபிப்பிராயம் ஒப்பவில்லை.

2022-ம் வருஷத்துச் சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு மூன்று வருஷங்களுக்கு முன்னால், 2019 ஜனவரியில், தமிழ்நாட்டு ஸர்க்கார் நடுநிலைப் பள்ளிகளின் வளாகத்தில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளை ஆரம்பித்தது. தனிப்பட்ட பள்ளிக்கூடங்களில் பணம் கட்டிப் படிக்கும் குழந்தைகளுக்குக் கிடைப்பது ஏழைக் குழந்தைகளுக்கும் கிடைக்கவேண்டும் என்பது நோக்கம். மிக நல்ல நோக்கம். ஆனால் அந்த வகுப்புகளை நடத்தத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து இடைநிலை ஆசிரியர்களை அனுப்பினார்கள். அவர்களில் பலருக்கு அது பதவியிறக்கமாகப் பட்டது. சிலர் நியாயஸ்தலத்தின் படியேறினார்கள். பாலர் வகுப்பில் கற்பிப்பது தாழ்ந்த தொழில் என்று படித்தவர்களே நினைப்பது நம் நாட்டின் துரதிருஷ்டங்களில் ஒன்று, இது நிற்க.

போனவர்கள் ஒரு வருஷம் கற்பித்து, சின்னக் குழந்தைகளின் போக்கு இன்னதென்று பிடிபடும் சமயத்தில், 2020 மார்ச்சில் கொரோனா வந்து பள்ளிக் கதவுகளை அடைத்தது. பாலர் வகுப்புகள் மறுபடி திறந்தது 2022 பிப்ரவரி 16-ந் தேதி. அவ்வாண்டு ஜூனில் அந்த ஆசிரியர்கள் தொடக்க வகுப்புகளுக்குத் திரும்ப வேண்டும் என்று உத்தரவாயிற்று. பாலர் வகுப்புகளே போய்விடுமோ என்று ஜனங்களிடையே கூச்சல் எழுந்தது. வகுப்புகள் தொடரும் என்று ஸர்க்கார் அறிவித்தது. ஜூன் 13-ந் தேதி பள்ளிகள் திறந்த அன்றே, முதல் மூன்று வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ என்ற புதுத் திட்டமும் தொடங்கிற்று. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் யாவரும் 2025-க்குள் பொருள் புரிந்து படிக்கவும் கணக்குப் போடவும் வேண்டும் என்பது அதன் இலக்கு.

அந்த ஜூன் மாதத்து ஒன்றாம் வகுப்பைச் சற்று மனக்கண் முன் கொண்டுவாருங்கள். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்துப் பள்ளி எதுவானாலும் சரி. ஒரே ஜமக்காளத்தில் மூன்று விதமான குழந்தைகள். தனிப்பட்ட பள்ளியில் சேர்ந்து, சம்பளம் கட்ட முடியாமல் வந்தவன், ஆங்கில எழுத்துக்களை ஒரே மூச்சில் ஒப்பிப்பான். அங்கன்வாடியில் நாலு மாதம்கூட இருந்திராத பெண், தன் பெயரைச் சொல்லவே கூச்சப்படுவாள். அடுக்குமாடிகள் கட்ட ஒரிஸா, பீஹார் பக்கங்களிலிருந்து வந்த தொழிலாளியின் பிள்ளைக்குத் தமிழே புதிது. மூவருக்கும் வயது ஒன்று, புத்தகம் ஒன்று. யாருக்கு எந்த வார்த்தை எட்டும் என்று கண்டுபிடிக்கப் பாடப் புத்தகம் உதவாது. பாலர் வகுப்பில் தரையில் உட்கார்ந்து குழந்தையின் கண்ணைப் பார்த்துப் பழகியவளுக்கே அது முடியும். பாலர் வகுப்புக்குப் போனதைப் பதவியிறக்கம் என்று வருந்தியவர்கள், திரும்பி வரும்போது கையில் ஒரு மூலதனத்துடன் வந்தார்கள் என்பது நம்முடைய கட்சி.

இவ்விஷயத்தில் நமக்கு வழிகாட்டியவர் ஒருவர் நம் தென்சென்னையிலேயே வாழ்ந்திருக்கிறார். 1907-ல் ரோமாபுரியில் ஏழைக் குழந்தைகளுக்காக ‘குழந்தைகளின் வீடு’ அமைத்துப் பேர் பெற்ற மான்டிசோரி அம்மையார், 1939 நவம்பரில் பிரம்மஞான சபையாரின் அழைப்பின்பேரில் அடையாற்றுக்கு வந்தார். ஆசிரியப் பயிற்சி ஒன்றை நடத்திவிட்டுத் திரும்பிப் போவதாகத்தான் ஏற்பாடு. 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கவே, பிரிட்டிஷ் ஸர்க்கார் அவரை விரோதி நாட்டுப் பிரஜையாகப் பாவித்தது. குமாரர் மாரியோவைச் சிறைவைத்தது. அம்மையாரின் எழுபதாவது பிறந்த நாளான ஆகஸ்டு 31-ந் தேதியை ஒட்டித்தான் குமாரர் விடுதலையானார். யுத்தம் முடியும் வரையில் அவர்கள் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அந்நிய அரசு வைத்த காவல் நம் குழந்தைகளுக்கு லாபமாக முடிந்தது என்றுதான் சொல்லவேண்டும். ஏனெனில், ஆறு வயதுக்குட்பட்டவர்களோடு பெரும்பாலும் பழகிய அம்மையார், கோடைக்கானலில் இருந்த காலத்தில்தான் ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரையிலான குழந்தைகளின் கல்வியை விஸ்தாரமாக வகுத்தார். பாலர் வகுப்பிலிருந்து மேல் வகுப்புக்குப் போகும் பிரயாணத்தை, அவரும் எழுபது வயதுக்கு மேல் நம் மண்ணில் செய்திருக்கிறார்!

அவர் கண்டது என்ன? ஆறு வயதை ஒட்டிக் குழந்தையின் சுபாவமே மாறுகிறது. பால்பல் விழுகிறது, உடம்பு கெட்டிப்படுகிறது. அதுவரை ‘இது என்ன?’ என்று கேட்டவன், ‘இது ஏன்?’ என்று கேட்கிறான். தனியாக விளையாடியவன் கூட்டம் தேடுகிறான். முக்கியமாக, கோள் சொல்ல ஆரம்பிக்கிறான். “டீச்சர், இவன் என் பென்சிலை எடுத்துட்டான்!” என்ற முறையீடு ஒன்றாம் வகுப்பில் நாளொன்றுக்கு நூறு தடவை கேட்கும். புதிதாக வந்த உபாத்தியாயினி சலித்துப் போய், “சும்மா இரு” என்று அதட்டுவாள். அம்மையாரோ, குழந்தை அங்கே நியாயம் எது, அநியாயம் எது என்று தெரிந்துகொள்ள வருகிறது என்கிறார். நாம் பார்த்த வரையில் இது முற்றிலும் உண்மை. முறையிட்ட குழந்தைக்குப் பெரும்பாலும் தண்டனையில் அக்கறை இல்லை. “எடுத்தது தப்புத்தான்” என்ற ஒரு வார்த்தை போதும், திருப்தியாகப் போய்விடும்.

ஆனால் இங்கே ஒரு சங்கடம். 1937-ல் காந்தியடிகளின் வார்தா திட்டம் கட்டாயக் கல்வியை ஏழு வயதில் தொடங்கச் சொல்லிற்று. மத்திய ஸர்க்காரின் 2020-ம் வருஷத்துக் கல்விக் கொள்கை ஆறு வயது என்கிறது. தமிழ்நாட்டிலோ ஐந்து நிறைந்தால் ஒன்றாம் வகுப்பு. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் அதையே வைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே நம் ஒன்றாம் வகுப்பில் பாதிப் பேர் காதைத் தொட முடியாதவர்கள். பெயர் ஒன்றாம் வகுப்பு. உள்ளே இருப்பது பாலர் வகுப்பு. ‘ஏன்’ என்று கேட்பவனும், மடியில் ஏறப் பார்ப்பவனும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த வகுப்புக்குப் போகிறவள் பாட்டையும் மணலையும் பழைய அறையிலேயே விட்டுவிட்டுப் போனால், தீபாவளிக்குள் தொண்டை கட்டிப்போகும்.

மணல் என்றதும் ஒரு விஷயம். 1789 முதல் எழும்பூர் அனாதைப் பள்ளியின் தலைவராயிருந்த ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார்; அதைத் தம் பள்ளியில் கையாண்டார்; 1797-ல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்று இங்கிலாந்தே கொண்டாடிற்று. நம் வீட்டுத் தாய்மார்களோ, ஜூன் மாதம் முடிவதற்குள் நாலு கோடு நோட்டில் மணிமணியாக எழுத்து வரவில்லையே என்று விசனப்படுகிறார்கள். விரலுக்குப் பலம் வராமல் பென்சிலைப் பிடிக்கச் சொன்னால் எழுத்து எங்கிருந்து வரும்? களிமண்ணும், மணியும் நூலும், பட்டாணி உரிப்பதும் விரலுக்குத் தேகாப்பியாசம். தயவுசெய்து வீட்டிலும் செய்யச் சொல்லுங்கள். பட்டாணியும் உரிந்த மாதிரி இருக்கும்.

இனி எழுத்து. அகரத்தில் தொடங்கி வரிசையாகப் போவது ஒப்பிக்க அழகு. படிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு, நேர்கோட்டில் அமைந்த ட, ப என்பவற்றில் தொடங்கி, ம-வும் மெய்யெழுத்தும் சேர்த்தால், படம், பட்டம், மடம் என்று முதல் வாரத்திலேயே வார்த்தைகள் கிடைக்கும். உண்மையான கஷ்டம் ‘கெ’ வந்ததும் ஆரம்பம். காதில் ககரம் முதலில் விழுகிறது. பலகையிலோ கொம்பு முதலில் நிற்கிறது. ‘கொ’ என்றால் முன்னே கொம்பு, பின்னே கால்! ‘காகம்’ என்று எழுதி இரண்டு ககரத்தையும் இரண்டு விதமாகச் சொல்கிறோம். கணக்கிலும் இப்படியே. எண்பதுக்கு அடுத்த பத்தை ‘ஒன்பது பத்து’ என்று ஒரு குழந்தை சொன்னால் அது முட்டாள் அல்ல. அதனுடைய தர்க்கம் சரி, நம் தொண்ணூறுதான் விசித்திரம். இம்மாதிரி இடங்களை முன்கூட்டியே பட்டியல் எடுத்து வைத்துக்கொள்வதுதான் மே மாதத்து லீவில் செய்யவேண்டிய ஆயத்தம். சுவரில் ஒட்டும் வர்ணக் காகிதத்தை ஜூனில் வெட்டிக்கொள்ளலாம்.

ஏப்ரலிலேயே ஒன்றாம் வகுப்பில் பத்து நாள், தினம் ஒரு மணி நேரம் பின்னால் உட்கார்ந்து பார்ப்பது இன்னும் நல்லது. அந்த ஒரு மணி நேரம் பாலர் வகுப்பை யார் கவனிப்பது என்று தலைமை ஆசிரியர் கேட்பார். கேள்வி நியாயமானதுதான், பல பள்ளிகளில் பதில் இல்லை.

அந்தப் பழைய அறைக்கு 2022-ல் வந்த ‘சிறப்பாசிரியர்’களுக்கு ஸர்க்கார் நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் ரூ. 5,000. தாம்பரத்தில் ஓர் அறைக்கு வாடகை கொடுக்கவும் அது காணாது. ஒரு படி ஏறிப் போனவளின் சம்பளத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தால், இரண்டு வகுப்புகளுக்கும் நடுவே நிற்கும் சுவரை யார் கட்டினார்கள் என்று தெரிந்துபோகும்.