பூச வேண்டாம், புள்ளி வையுங்கள்

புதுக் காரில் முதல் கீறல் விழுந்த நாளை எந்த உரிமையாளரும் மறப்பதில்லை. அடுக்குமாடி பார்க்கிங்கில் யாரோ சைக்கிளை உரசிக்கொண்டு போயிருப்பார்கள். இல்லையென்றால், முன்னால் போன டிப்பர் லாரியிலிருந்து தெறித்த ஜல்லி பானட்டைப் பதம் பார்த்திருக்கும். பதறிப்போய் ஒரு டச்-அப் பாட்டில் வாங்கி, கீறலின் மேல் பிரஷ்ஷால் ஒரே இழுப்பு இழுத்து, மெல்லிய கோட்டைத் தடித்த கோடாக்கிக்கொண்டவர்கள் ஊருக்கு நாலு பேராவது தேறுவார்கள்.

பாட்டிலைத் திறப்பதற்கு முன் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே ஓட்டிப் பார்க்க வேண்டும். காரின் பெயின்ட் மொத்தமே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் கனம்தான். தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். நகம் தட்டாவிட்டால் கீறல் கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது என்று பொருள். அதற்கு பெயின்ட்டே வேண்டாம், ரப்பிங் காம்பவுண்ட் போதும். நகம் தட்டி, உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தால் பிரைமர்வரை போயிருக்கிறது. தகடே பளிச்சென்று தெரிந்தால் தள்ளிப்போடக் கூடாது. கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றில் துரு சீக்கிரமே ஏறிவிடும். பம்பருக்கு இந்த அவசரம் இல்லை. அது பிளாஸ்டிக்.

அடுத்தது நிறம். “மாருதிக்கு வெள்ளை டச்-அப் கொடுங்க” என்றால், “எந்த வெள்ளை சார்?” என்பார் கடைக்காரர். சுப்பீரியர் ஒயிட்டின் குறியீடு 26யு. பேர்ல் ஆர்க்டிக் ஒயிட் என்றால் இசட்எச்ஜே. டொயோட்டாவின் சூப்பர் ஒயிட்டுக்கு 040. கம்பெனியைப் பொறுத்து இந்தக் குறியீடு டிரைவர் பக்கக் கதவுத் தூணிலோ பானட்டுக்குள் இருக்கும் தகட்டிலோ இருக்கும். ஆர்.சி.யில் இருப்பது நிறத்தின் பெயர்தான்.

குறியீடு சரியாக இருந்தும் நிறம் ஒட்டாமல் போவதுண்டு. அந்த எண் சொல்வது ஃபேக்டரியில் அடித்த அன்றைய நிறத்தை. வாசலில் நிற்கும் காரோ பல ஆண்டு வெயிலைக் குடித்திருக்கிறது. மெட்டாலிக் நிறங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவற்றில் பொடிப்பொடியான அலுமினியச் செதில்கள் கலந்திருக்கும். ஸ்ப்ரேயில் அவை ஓரளவு படிந்து கிடந்து ஒளியை ஒரே சீராகத் திருப்பும். பிரஷ்ஷில் வைத்தால் கண்டபடி நிற்கும். அதனால்தான் சில்வர் காரில் கையால் வைத்த டச்-அப் எப்படியும் கொஞ்சம் கறுத்துத் தெரியும். மினுமினுப்பில்லாத சாலிட் வெள்ளைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

டிங்கரிங் பட்டறைக்காரர்கள் பெட்ரோல் டேங்க் மூடியைக் கழற்றிக்கொண்டு மிக்ஸிங் கடைக்குப் போவார்கள். கடைக்காரர் தராசில் சொட்டுச் சொட்டாகக் கலந்து, மூடியோடு சேர்த்து வெயிலில் பிடித்துப் பார்ப்பார். டியூப்லைட்டில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு நிறங்கள் வெயிலில் தனித்தனியாகத் தெரிவதுண்டு. வீட்டில் செய்பவர்களுக்குப் பழைய விசிட்டிங் கார்டு போதும். அதில் பூசி, காயவைத்து, மேலே கிளியர் கோட்டும் அடித்த பிறகுதான் காரோடு ஒப்பிட வேண்டும். ஈரத்தில் தெரியும் நிறத்தை நம்பக் கூடாது.

இனி வேலை. ஷாம்பூ போட்டுக் கழுவி, கீறல் இருக்கும் இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் மெழுகுப் பூச்சு போய்விடும். துரு இருந்தால், துண்டு வாட்டர் பேப்பரைத் தீக்குச்சி முனையில் சுற்றி, அந்த இடத்தை மட்டும் சுரண்ட வேண்டும். தகடு தெரிந்தால் முதலில் பிரைமர். மூடியோடு வரும் பிரஷ் இந்த வேலைக்குத் தடிமன், டூத்பிக் நல்லது. கோலப்புள்ளி மாதிரி பள்ளத்தின் நடுவில் ஒரு சொட்டு வைத்தால் அது தானாகவே பரவும். தின்னர் ஆவியாகும்போது பெயின்ட் சுருங்கி இறங்கும். ஆகவே நன்றாகக் காயவிட்டு மூன்று நான்கு முறை வைத்தால்தான் பள்ளம் நிரம்பும். கடைசியில் கிளியர் கோட். சுட்டெரிக்கும் வெயிலில் செய்தால் பரவுவதற்குள் காய்ந்துவிடும். மழைநாளில் லேக்கர் வகைப் பெயின்ட் ஈரத்தை இழுத்து வெளுத்துப்போகும்.

மேடாக நிற்பதைச் சில நாள் கழித்து 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் சமப்படுத்தலாம் என்பார்கள். கைப்பழக்கம் இல்லாதவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது. அக்கம்பக்கத்துக் கிளியர் கோட் தேய்ந்துபோனால், சின்னப் புள்ளியில் ஆரம்பித்தது முழுக் கதவுக்கும் பெயின்ட் அடிப்பதில் போய் முடியும்.

இதற்கெல்லாம் இன்சூரன்ஸ் இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் ஒரு கிளெய்ம் போட்டாலும் ஐந்து ஆண்டில் 50 சதவீதம்வரை சேரும் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். ஜல்லி தெறித்த புள்ளிக்கு அது கட்டுப்படியாகாது. தகடு நெளிந்திருந்தாலோ, கீறல் கதவு நீளத்துக்கு ஓடியிருந்தாலோ பட்டறைதான் வழி. மிச்சப் பாட்டிலை டேஷ்போர்டில் போட்டு வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் தின்னர் எளிதில் தீப்பற்றக்கூடியது.