துணியில் குறையே இல்லை, ஆனாலும் கண்டெய்னர் சிக்கலாம்! பேலட்டில் கவனிக்க வேண்டியது என்ன?

ராஜபாளையம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நாய்தான் ஞாபகம் வரும். ஆனால் பக்கத்துச் சத்திரப்பட்டியில் கேட்டால் பேண்டேஜ் துணி என்பார்கள். அங்கே நெய்யும் மருத்துவத் துணி வெளிநாடுகளுக்கும் போகிறது. கப்பல் ஏற அருகில் இருப்பது தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம்.

இந்தச் சரக்கில் ஒரு நூல்கூட பிசகாமல் இருந்தும், போய்ச் சேர்ந்த துறைமுகத்தில் மாட்டிக்கொள்ளலாம். காரணம், பெட்டிகளுக்கு அடியில் இருக்கும் பேலட். அதாவது ஃபோர்க்லிஃப்ட் கரம் நுழைய இடம் விட்டு அடித்த மரப்பலகை மேடை.

மரத்துக்கு எதுக்கு இவ்வளவு கெடுபிடி?

சரக்குக் கட்டைக்குள் ஒளிந்து வண்டும் புழுவும் நாடு தாண்டுகின்றன. 1996-ல் நியூயார்க்கில் கண்டுபிடிக்கப்பட்ட ஆசிய நீள்கொம்பு வண்டு இப்படித்தான் போய்ச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. அதற்காக எத்தனையோ மரங்களை வெட்ட வேண்டியதாயிற்று. 2002-ல் வந்த ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதிப்படி, மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூடு 30 நிமிடம் இருக்க வேண்டும். அப்படிச் சூடாக்கிய பேலட்டில் கோதுமைக் கதிர் சின்னம், ஐ.என். என்ற நாட்டுக் குறியீடு, ஹெச்.டி. என்ற எழுத்து எல்லாம் முத்திரையாக இருக்கும். எதிரெதிர் பக்கங்களில் இருக்கணும். முத்திரை இல்லையென்றால் அங்கேயே மருந்தடிக்கலாம், அழிக்கலாம், திருப்பியும் அனுப்பலாம்.

நிறைய பேர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. உடைந்த பேலட்டில் ஒரு பலகையை மாற்றி அடித்தால், அந்தப் புதுப் பலகைக்கும் தனி முத்திரை வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்றினால் பழைய முத்திரைகளை அழித்துவிட்டு, முழு பேலட்டையும் மறுபடி சூடாக்கணும். ப்ளைவுட், பிளாஸ்டிக் பேலட்டுக்கு இந்த விதி கிடையாது.

இன்னொரு குழப்பம்: ஹெச்.டி. முத்திரை பூச்சி செத்ததற்குத்தான் சாட்சி, மரம் காய்ந்ததற்கு அல்ல. ஈர மரத்தைப் பூட்டிய கண்டெய்னருக்குள் வைத்தால், பகல் வெயிலில் ஆவியாகும் ஈரம் ராத்திரிக் குளிரில் கூரையில் துளித்துப் பெட்டி மேல் சொட்டும். 'கண்டெய்னர் மழை' என்றே இதற்குப் பெயர். பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கெட்டால் வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். பூசணம் பிடித்த காஸ் துணி பெட்டியைத் திறக்கும் வரை தெரியாது. அதனால் காய்ந்த மரம், பெட்டிக்குள் பாலித்தீன் உறை, கண்டெய்னருக்குள் ஈரம் உறிஞ்சும் பைகள் மூன்றும் வேண்டும்.

பேலட்டே வேண்டாமா?

நியாயமான கேள்விதான். பேண்டேஜ் எடை குறைவு, இடம்தான் அடைக்கும். 1.2 x 1 மீட்டர் பேலட் 20 அடி கண்டெய்னரில் 10 மட்டுமே தரையில் நிற்கும். பேலட்டின் உயரமும் வீண். ஆளை வைத்து நேரடியாக அடுக்கினால் கூடுதல் பெட்டி ஏறும். ஆனால் இறக்கும் நாட்டில் ஆள்கூலி அதிகம் என்பதால், வாங்குபவர் பேலட் கேட்டால் மறுக்க முடியாது.

அடுக்கும்போது மூலைக்கு மேல் மூலை வரணும். அட்டைப்பெட்டியின் பலம் அங்கேதான். பலகைக்கு வெளியே பெட்டி துருத்தினால் கீழ்வரிசை நசுங்கும். கண்டெய்னர் வாசலின் உயரம் சுமார் 2.28 மீட்டர்தான், உள்ளே இருப்பதைவிடக் குறைவு. அதையும் அளந்த பிறகே ஸ்ட்ரெச் ஃபிலிம் சுற்றி, பட்டை கட்டணும். தூத்துக்குடியில் ஏறும் பல கண்டெய்னர்கள் கொழும்பில் இறங்கி வேறு கப்பலுக்கு மாறுவதால் குலுக்கலும் அதிகம்.

2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த எடையைச் சொல்லாமல் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். அந்தக் கணக்கில் பேலட் எடையும் சேரும். கதவை மூடுவதற்கு முன் முத்திரை தெரியும்படி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.