உப்பளத்தில் ஒரு கைநிழல்: தூக்கிச் செல்லும் பந்தல் எப்படி இருக்க வேண்டும்?

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் முத்தையாபுரம், முள்ளக்காடு தாண்டினாலும் சரி, வடக்கே தருவைகுளம், வேப்பலோடை பக்கம் போனாலும் சரி, கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி பாத்தியாக வெள்ளை. இடையில் ஒரு மரம் இருக்காது. கரிப்புத் தண்ணீர் ஊறிய மண்ணில் மரம் நிற்காது. குஜராத்துக்கு அடுத்து நாட்டுக்கு உப்பு கொடுக்கும் மாநிலங்களில் தமிழகம் முன்னணியில் இருக்கிறது. அதில் பெரும்பங்கு இந்த மாவட்டத்து அளங்களில் விளைவதுதான். அந்த உப்பை வாரி, சுமந்து, தட்டுமேட்டில் கொட்டும் பெண்களும் ஆண்களும் பத்து நிமிடம் உட்கார நிழல் தேடினால், ஓலைக்கொட்டகைக்கோ பம்புசெட் அறைக்கோதான் நடக்க வேண்டும். வேலை நடக்கும் பாத்தி அங்கிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தால் யாரும் போவதில்லை. நடந்து போய் வருவதற்குள் ஓய்வு நேரம் முடிந்துவிடும்.

அதனால்தான் நிழல் வேலை இருக்கும் இடத்துக்கு வர வேண்டும் என்கிறோம். இரண்டு பேர் தூக்கிச் சென்று, கால் மணி நேரத்தில் கட்டி, வேலை அடுத்த பாத்திக்கு மாறும்போது கூடவே மாறுகிற பந்தல். சிறு அளக்காரர்கள், குத்தகைக்கு எடுத்தவர்கள், சேர்ந்து வேலைக்குப் போகும் பெண்கள் குழுக்கள் என யாரும் இதைச் செய்துகொள்ளலாம். ஆனால், கடையில் பார்த்த முதல் கூடாரத்தை வாங்கினால் ஒரு சீசன்கூட வராது.

விடியலுக்கு முன்பே பலர் வேலையைத் தொடங்குவது வெயிலுக்குப் பயந்துதான். ஆனாலும் 9 மணிக்கு மேல் அந்த வெப்பம் இரண்டு பக்கமும் தாக்குகிறது. மேலே சூரியன், கீழே உப்பு வெள்ளையிலும் தண்ணீரிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சம். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழக உப்பளத் தொழிலாளர்களிடம் ஆய்வு நடத்தினார்கள். பெரும்பாலானவர்கள் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில் உழைப்பதையும், ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்திருப்பதையும் அவர்கள் கண்டார்கள். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. 2005-ம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டத்திலேயே வேலை நடக்கும் இடத்தில் குடிநீர், ஓய்வெடுக்க நிழல், முதலுதவிப் பெட்டி வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. குளம் வெட்டும் இடத்துக்குச் சொன்ன அந்த நியாயம் உப்பளத்துக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

மழைக்கா, வெயிலுக்கா?

வாங்கும் முன் தீர்மானிக்க வேண்டியது இதுதான். உப்பு விளைவது தை, மாசியில் தொடங்கி புரட்டாசி வரை. ஐப்பசி மழை வந்தால் பாத்தியில் வேலையே இல்லை. அந்த மாதங்களுக்குத்தான் அரசு தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. ஆக, இந்தப் பந்தல் மழையைத் தாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. தார்ப்பாய்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இங்கேயே விழுந்துவிடுகிறது.

மெல்லிய தார்ப்பாயின் கீழ் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், வெயில் தெரியாது, ஆனால் தலை கொதிக்கும். பாய் சூடேறி அந்தச் சூட்டைக் கீழே இறக்குகிறது. காற்றையும் அடைத்துவிடுகிறது. இதற்கு மாற்று, நர்சரிக்காரர்கள் பயன்படுத்தும் நிழல்வலை. நாற்றுக்கு 50 சதவிகித வலை போதும். மனிதருக்கு அது பற்றாது. பாதி வெயில் அப்படியே இறங்கிவிடும். 75 சதவிகிதத்துக்குக் குறையாமல், கிடைத்தால் 90 சதவிகித வலை வாங்க வேண்டும். புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி தயாரிக்கப்பட்டதா என்று கேட்பது அவசியம். இல்லாவிட்டால் ஒரே கோடையில் நூல் நூலாக உதிரும்.

இன்னும் குளிர்ச்சி வேண்டுமானால் இரண்டு அடுக்கு. மேலே வெளிர்நிறத் துணி அல்லது வெள்ளைப் பாய், அதற்கு அரை அடி முதல் ஓர் அடி கீழே நிழல்வலை. மேல் அடுக்கு வெயிலை வாங்கிக்கொள்ளும், நடுவில் காற்று ஓடும், கீழ் அடுக்கு சூடேறாது. உள்பக்கம் கறுப்பு அல்லது பச்சையாக இருந்தால் கண் கூச்சமும் குறையும். பனையோலையும் தென்னங்கிடுகும் இவை எல்லாவற்றையும்விடக் குளிர்ச்சிதான், அதில் சந்தேகமில்லை. தட்டுமேட்டில் நிரந்தரக் கொட்டகைக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால், தூக்கிக்கொண்டு நடக்க முடியாது.

இரும்பைத் தின்னும் காற்று

கண்காட்சிகளிலும் கடைத்தெருவிலும் விரியும் மடக்குக் கூடாரம் பார்க்க அழகு. கத்தரிக்கோல் போல மடங்கும் அதன் மூட்டுகளில் உப்பு புகுந்தால் சில வாரங்களில் இறுகிவிடும். சாதா இரும்புக் கம்பி துருப்பிடிப்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் நன்றாகத் தாங்கும். ஆனால், அறுத்த முனையிலும் துளை போட்ட இடத்திலும் துரு முதலில் ஆரம்பிக்கும். அங்கே பெயின்ட் அடித்து, பிளாஸ்டிக் மூடி போட வேண்டும். அலுமினியம் எடை குறைவு, தானாகத் துருப்பிடிக்காது. ஆனால், அதில் இரும்பு போல்ட் முடுக்கினால், உப்புத் தண்ணீர் பட்ட இடத்தில் அலுமினியம் அரித்துப் போகும். பி.வி.சி. குழாய் வெயிலில் உலர்ந்து ஒரு நாள் முறியும்.

உள்ளதைச் சொன்னால், மூங்கிலும் சவுக்குக் கம்பும்தான் இங்கே லாபம். துருவே கிடையாது, உடைந்தால் ஒரு கம்பை மட்டும் மாற்றலாம், போல்ட்டுக்குப் பதில் கயிறு. மீன்பிடித் துறைமுகம் உள்ள ஊரில் பழைய வலைக்கயிறுக்குப் பஞ்சமில்லை. துணியின் ஓரத்தில் உள்ள வளையங்கள் கிழிந்துவிட்டால், ஒரு கூழாங்கல்லைத் துணிக்குள் வைத்துச் சுற்றி, அதன் கழுத்தில் கயிறு கட்டலாம். வளையத்தைவிட அது உறுதி.

10 அடிக்கு 10 அடி போதும். எட்டுப் பேர் கால் நீட்டி உட்காரலாம். நடுவில் 7 அடி, ஓரத்தில் ஐந்தரை அடி உயரம். உச்சியில் நாலு விரல் இடைவெளி விட்டால் சூடான காற்று மேலே போய்விடும். மொத்த எடை 20 கிலோவைத் தாண்டினால் நாலு நாளில் ஒரு மூலையில் கிடக்கும். ஆகவே, கனமான கம்புகளைத் தவிர்த்துவிட வேண்டும்.

ஆடிக்காத்துக்கு ஒரு கணக்கு

உப்பளத்துப் பந்தலின் உண்மையான எதிரி வெயிலல்ல, காற்று. 36 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 6 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். 10-க்கு 10 அடிப் பாய் அந்தக் காற்றை முழுதாக வாங்கினால் 55 கிலோவுக்கு மேல். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. அதாவது 220 கிலோவுக்கு மேல். நிழல்வலை காற்றைத் தன் வழியே விடுவதால் இதில் ஒரு பகுதியைத்தான் வாங்கும். வலையைப் பரிந்துரைக்க இன்னொரு காரணம் இது.

முளை அடிக்கலாமே என்று தோன்றும். பாத்தியின் தரையை மிதித்து மிதித்து இறுக்கி வைத்திருப்பதே தண்ணீர் கசியாமல் இருக்கத்தான். அதில் கடப்பாரை இறக்கினால் விளைச்சல் போகும். வரப்பும் அப்படியே. குளிர்நாடுகளில் உறைந்த ஏரியின் மேல் துளை போட்டு மீன் பிடிப்பவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. சுற்றிலும் வெள்ளை, மரமில்லாத வெட்டவெளி, அடிக்கிற காற்று. அவர்கள் பனிக்கட்டிக்குள் திருகாணி போல இறங்கும் ஆணியால் கூடாரத்தைப் பிடித்து வைக்கிறார்கள். கூடாரம் சறுக்குவண்டியோடு சேர்ந்தே மடங்கும், வண்டியும் சாமானும் அதற்குப் பாரம். இங்கே அந்த வேலையைச் செய்ய சாக்கு இருக்கிறது. நான்கு காலுக்கும் தலா 50 கிலோ மணல் சாக்கு. உப்புச் சாக்கு பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று அதை வைத்தால், ஈரம் இழுத்துக் கசிந்து குழாயின் அடியை அரிக்கும். மூங்கில் காலென்றால் பரவாயில்லை. சாக்கைக் காலின் மேல் சாய்த்து வைப்பதைவிட, மேல்மூலையிலிருந்து சாய்வாக இறங்கும் கயிற்றில் கட்டுவது நல்லது. காலி சாக்குகளை மட்டும் தூக்கிச் சென்று, தட்டுமேட்டில் நிரப்பிக்கொள்ளலாம்.

காற்று கூடும்போது முதலில் அவிழ்க்க வேண்டியது துணியை, சட்டத்தை அல்ல. துணிக் கயிறுகள் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாக இருக்க வேண்டும். கிடை போடும் ஆட்டுக்காரர்களின் கொடாப்பைப் பாருங்கள். தாழ்வாக, வளைவாக இருப்பதால்தான் வெட்டவெளியிலும் குட்டிகளோடு நிற்கிறது. ஆடியில் பந்தலின் உயரத்தை ஓர் அடி குறைத்தால் தப்பில்லை.

எந்தப் பக்கம் மறைப்பு?

தூத்துக்குடியில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வருவது ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் சற்று வடக்கே நிற்கும், நிழல் தெற்கே சாயும். பலர் இதைக் கவனிக்காமல் தெற்குப் பக்கம் மறைப்பு கட்டுகிறார்கள். மே, ஜூனில் வடக்கு ஓரத்தைத் தாழ்த்துவதே சரி. காலையில் கிழக்கிலும் பிற்பகலில் மேற்கிலும் உட்கார்ந்தவர் கண் உயரத்துக்கு ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டால், உப்பிலிருந்து எழும் கூச்சம் தெறிக்காது. காற்று வரும் பக்கத்தை மட்டும் திறந்துவிட வேண்டும்.

நான்கு பக்கத் துணியும் தனியாக வைத்திருப்பது இன்னொன்றுக்கும் உதவும். உப்பளங்களில் கழிப்பறை இல்லாததால், ஒதுங்க இடமில்லை என்று பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். வெப்பத்தோடு இதுவும் சேர்ந்தால் சிறுநீரகம் என்னாகும்? நாலு கம்பு, ஒரு சுற்றுத் துணியில், 4 அடிக்கு 4 அடியில் ஒரு மறைவிடம் தட்டுமேட்டின் ஓரமாக அமைத்துவிடலாம். பந்தல் வாங்கும் பணத்தில் முதலில் ஒதுக்க வேண்டியது இதற்குத்தான்.

பந்தலுக்குள் மண்பானைத் தண்ணீரும், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்த கரைசலும் இருக்கட்டும். யாராவது பேச்சு குழறினால், தள்ளாடினால், உடம்பு கொதித்தால் உடனே நிழலில் கிடத்தி, தண்ணீர் ஊற்றி, விசிறியபடி 108-ஐ அழைக்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது.

வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் குழாய், முடிச்சுகளைத் துடைத்தால் போதும். புரட்டாசிக் கடைசியில் வலையை அலசி, நிழலில் உலர்த்தி, எலி ஏறாத பரணில் சுருட்டி வைக்க வேண்டும். மடித்து வைத்தால் மடிப்பில் கிழியும்.