நாயாற்றுக் கரைவழியே ஒரு நடைக்கணக்கு

கடற்கரை ஓரமாகக் கால்நடையில் ஊர் பார்க்கப் புறப்படுகிறவன் பணக்கணக்கை எழுதுமுன் தண்ணீர்க் கணக்கை எழுதிக்கொள்ளல் வேண்டும். இதை நான் ஏட்டில் படித்து அறிந்தவனல்லேன். 2012ஆம் ஆண்டு ஆவணி மாதத்து நடுப்பகல் ஒன்றில், செம்மலைக்கும் நாயாற்றுக்கும் இடையில், வெற்றுப் போத்தலைக் கையிற் பிடித்துக்கொண்டு நின்று அறிந்தவன்.

அந்தக் கதைக்கு வருமுன் வழியைச் சொல்லிவிடுகிறேன். முல்லைத்தீவிலிருந்து தெற்கு நோக்கிச் சிலாவத்தை, அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய் எனக் கரையோரமாக ஊர்கள் செல்கின்றன. ஏறத்தாழ 35 கிலோமீற்றர். பழைய கணக்கிற் சொன்னால் 22 மைல். கிழக்கே வங்கக்கடல். மேற்கே முதலில் நாயாற்றுக் களப்பு, பின்னர் கொக்கிளாய்க் களப்பு. இவ்விரு நீர்ப்பரப்புகளுக்கும் கடலுக்கும் நடுவே அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் பற்றிப் பிடித்து வைத்திருக்கும் மணல்மேடே நாம் நடக்கவேண்டிய பாதை. நல்ல நடைகாரன் இரண்டு நாளில் கடந்துவிடுவான். பார்த்து நடப்பவனுக்கு மூன்று நாள் வேண்டும்.

என் தகப்பனார் இவ்வழியை மைற்கல் கொண்டு அளந்தவரல்லர். கருநாட்டுக்கேணியில் வெள்ளாப்பிற் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் நாயாற்றைக் கடந்து, அளம்பிலில் உறவினர் வீட்டில் மத்தியானச் சோறு உண்டு, விளக்கு வைக்கும் நேரம் முல்லைத்தீவை அடைவார். தொடுவாயில் நீர் எவ்வளவு நிற்கிறது என்பதைத் தூரத்திலேயே அதன் நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். அந்தப் பாடத்தை நான் கற்றுக்கொள்ளுமுன், 1984ஆம் ஆண்டு மார்கழியில், எங்கள் பகுதித் தமிழ்க் கிராமங்கள் வெறுமையாகிவிட்டன. அதே நாட்களில் நாயாற்றிலும் கொக்கிளாயிலும் இருந்த சிங்கள மீனவக் குடும்பங்களும் தாக்கப்பட்டு உயிரிழந்தன. அதன்பின் ஒரு தலைமுறைக் காலம், காற்று வாங்கிக்கொண்டு அக்கரையில் நடந்தவர் எவருமிலர். 2009இல் போர் முடிந்த பிறகே சனங்கள் சிறிது சிறிதாகத் திரும்பினர்.

நானும் திரும்பினேன், குடியிருக்க அன்று, பார்க்க. 2012இல் நானும் என்னுடன் படிப்பித்த நண்பரொருவரும் புறப்பட்டபோது எங்களிடம் திட்டம் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. ஆளுக்கொரு போத்தல் தண்ணீர், ஒரு பாண், ஒரு துவாய், அவ்வளவே. "எங்கடை சனந்தானே, சோத்துக்கு வழியில்லாமற் போகுமோ?" என்று நான் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது. சிக்கனம் என்று நாங்கள் எண்ணியது இதனைத்தான்.

பதினொரு மணிக்கே தண்ணீர் தீர்ந்தது. ஆவணி வெயிலில் மணல் கொதித்தது. ஒரு மணியளவில் தகரக் கொட்டில் ஒன்றைக் கண்டு, படலையில் நின்று குரல் கொடுத்தோம். அப்போதுதான் மீளக் குடியேறிய குடும்பம். வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்து, "வெய்யிலுக்கை நிக்காதேங்கோ, உள்ளை வாங்கோ" என்று அழைத்துத் தண்ணீர் தந்தார். சாப்பிடாமற் போகக்கூடாது என்று இருத்திவிட்டார். அரிசி வாளியைக் கவிழ்த்து அடியிலே தட்டுகிற ஓசை திண்ணையில் இருந்த எங்களுக்குக் கேட்டது. கேட்டும் உண்டோம். இரவும் இன்னொரு வீட்டில் அவ்வாறே கழிந்தது.

ஊர் திரும்பியதும் ஆசிரியர் அறையில் நான் பெருமையாகச் சொன்ன தொகை 600 ரூபா. "மூன்று நாளும் 600 ரூபாவில் முடித்தோம்!" மூலையில் கொப்பி திருத்திக்கொண்டிருந்த ஆசிரியை தலை நிமிராமலே, "மிச்சக் காசை ஆர் கட்டினது, மாஸ்டர்?" என்று கேட்டார். நான் ஏதோ சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

குறைந்த செலவில் நெடுந்தூரம் நடப்பது நமக்குப் புதிதன்று. முதுகிற் பையைச் சுமந்து உலகஞ் சுற்றும் வெள்ளைக்கார இளைஞரைக் கண்டு அதனைப் புதுநாகரிகம் என எண்ணுவோர் கதிர்காம பாதயாத்திரையை மறந்துவிடுகின்றனர். செல்வச்சந்நிதியிற் புறப்பட்டு, வற்றாப்பளை அம்மனை வணங்கி, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கீழ்க்கரை முழுவதையும் நடந்தே கடக்கும் அடியார் மாதத்துக்கு மேலாக வழியில் இருக்கிறார்கள். கையிற் காசு இல்லாமலும் போகிறார்கள். வழியிலுள்ள ஊரார் சோறு போடுகிறார்கள். அங்கே இடுபவருக்கும் ஏற்பவருக்கும் நடுவில் ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. அடியார் அவர்களுடைய நேர்த்தியையும் சேர்த்துச் சுமந்துகொண்டு போகிறார். காட்சி பார்க்கப் போகிற நான் எவருடைய நேர்த்தியைச் சுமந்தேன்? யாத்திரிகனுக்கு உரிய உரிமையை உல்லாசப் பிரயாணி எடுத்துக்கொள்ளுவது சிக்கனமன்று. அதற்கு வேறு பெயர் இருக்கிறது.

இவ்வாண்டு மாசியில் அவ்வழியே மறுபடி நடக்கத் தீர்மானித்திருக்கிறோம். நான், பல்கலைக்கழகத்திற் படிக்கும் என் தமக்கை மகன், அவனுடைய தோழன் ஆக மூவர். ஆளுக்கு 5,000 ரூபா. அதற்குமேல் ஒரு சதமும் இல்லை என்பது மாணவர் இருவரின் மடிக்கனத்தைப் பார்த்து இட்ட எல்லை.

மருமகன் முதலிற் கேட்டது சித்திரை விடுமுறை. "மாமா, அப்ப கடலும் அடங்கியிருக்கும், எங்களுக்கும் லீவு" என்றான். நியாயமான பேச்சுத்தான். ஆனால் இந்தக் கரைக்குப் பஞ்சாங்கம் வேறு. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வாடைக்காற்று மழையைக் கொண்டுவந்து கொட்டும். உள்நாட்டு வெள்ளமெல்லாம் களப்பில் நிறைந்து, மணலை உடைத்துக்கொண்டு கடலிற் பாயும். அவ்வாறு கடலும் களப்பும் கூடும் வாயைத்தான் தொடுவாய் என்கிறோம். மழை ஓய்ந்தபின் அலை மணலைக் கொண்டுவந்து குவித்துச் சிறிது சிறிதாக அவ்வாயை ஒடுக்கும். அது என்று அடைபடும் என்பதை நாட்காட்டியில் எழுதிவிட முடியாது. மழையின் அளவைப் பொறுத்தது. மாரியில் அவ்வழியே நடக்க எண்ணுவது அறியாமை. வைகாசிக்குப் பின் தண்ணீரும் நிழலும் அருகிவிடும். மேலும் சோளகக் காற்றில் மேற்குக்கரைக் கடல் குழம்பும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து மீனவர் வந்து நாயாற்றில் வாடி அமைக்கிறார்கள். கரை யாருடையது என்ற வழக்கு அவர்களுக்கும் உள்ளூரவருக்கும் இடையில் நெடுநாளாக இருந்துவருகிறது. மீனுக்காக இருவர் மல்லுக்கட்டும் இடத்தில் மூன்றாமவன் படம் எடுத்துக்கொண்டு திரிவது அழகன்று.

ஆகவே மாசி. நிலம் பசுமை மாறாதிருக்கும். கிணறுகளில் நீர் இருக்கும். வெளிநாட்டுப் பறவைகளிற் பலவும் இன்னும் புறப்பட்டிரா. கொக்கிளாய்க் களப்பு 1951ஆம் ஆண்டிலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பூநாரைக் கூட்டத்தைக் கண்ணாற் காணும் பேறு கிடைப்பின் அதற்கு நுழைவுச்சீட்டு இல்லை.

இனித் தண்ணீர். இக்கரையின் ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். ஆறு, தொடுவாய், கேணி. கொஞ்சம் உள்ளே போனால் தண்ணீரூற்று. வழிப்போக்கனுக்காகவே பெயரிட்டார்கள் போலும்! அளம் என்றால் உப்பு விளையும் நிலம். அளம்பிலின் பெயர் அதிலிருந்து பிறந்ததா என்பதைப் புலவர்களிடம் விட்டுவிடுகிறேன். கேணி என்று சொல்லும் இடத்தில் எங்கள் முன்னோர் நன்னீர் கண்டிருக்கிறார்கள் என்பது மட்டும் எனக்குப் போதும்.

கடலுக்கு நூறு யார் தூரத்தில் நன்னீர் எப்படி வந்தது என்று மாணவர் கேட்பதுண்டு. மழைநீர் மணலூடாக இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் இலேசானது; உப்புநீர் கனமானது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால் அதன்கீழ் ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. ஒல்லாந்தப் பொறியியலாளர் கைபென் 1880களின் இறுதியிலும், ஜெர்மானியரான ஹெர்ஸ்பேர்க் 1901இலும் இதனை எழுதிவைத்தனர். எங்கள் பாட்டன்மார் எழுதவில்லை; கிணற்றை ஆழத் தோண்டாமல் விட்டார்கள். ஏனெனில் அதே கணக்கு மறுபுறமும் வேலை செய்யும். மேலே ஓரடி குறையுமாறு இறைத்தால் கீழே 40 அடி உப்பு ஏறிவரும். 2004 மார்கழி 26ஆந் தேதி ஆழிப்பேரலை இக்கரையிற் புகுந்தபோது கிணறுகளுக்குள் மேலிருந்தே கடல்நீர் இறங்கியது. அவை மறுபடி குடிநீர் தருவதற்குப் பல மாரி கழியவேண்டியிருந்தது.

இதனால் எங்கள் நடையில் இரண்டு விதிகள். ஆளுக்கு நான்கு லீற்றர் சுமப்பது. ஊர்க்கிணற்றில் குடிக்க மாத்திரம் அள்ளுவது. கடலில் ஆடிவிட்டு உப்புப் போக வாளி வாளியாக வார்ப்பதற்கு அந்தக் கிணறுகள் எங்களுக்காகத் தோண்டப்பட்டவையல்ல. கடலில் ஆடுவதையும் தொடுவாய்க்கு அண்மையில் முற்றாக விலக்கியிருக்கிறோம். மேலே அமைதியாகத் தோன்றும் இடத்தில் கீழே நீர் இழுத்துக்கொண்டு போகும். நாயாற்றுக் கடலில் நீராட இறங்கி மீளாதவர்களின் செய்தியைப் பத்திரிகையிற் படித்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லவேண்டியதில்லை.

நடைநேரம் காலை ஐந்தரை முதல் பத்து வரை. மாலை நாலரை முதல் இருட்டும் வரை. கொக்கிளாயை அணுக அணுகக் கரைமணல் ஆங்காங்கே கறுக்கும். புல்மோட்டையிற் கனிய மணலாக அள்ளப்படும் இல்மனைற்று அது. கண்ணுக்கு அழகு, நடுப்பகலில் வெறுங்காலுக்குத் தணல். வீதியும் ஒற்றையடிப் பாதையும் அலைவாயும் தவிர வேறெங்கும் கால் வைப்பதில்லை என்றும் முடிவு. கண்ணிவெடி அகற்றும் வேலை வன்னியில் இத்தனை ஆண்டுக்குப் பின்னரும் நடந்துகொண்டிருக்கிறது. எச்சரிக்கைப் பலகை இல்லாத பற்றையெல்லாம் துப்புரவான பற்றை என்று கொள்ளக்கூடாது. நாயாற்றைக் கடப்பதற்கு வீதிப்பாலம் இருக்கையில் தொடுவாயில் இறங்கி வீரங் காட்டவேண்டியதில்லை. எனினும் பெருவெள்ளங் கண்ட மாரிக்குப் பின் பாலத்தின் நிலையை முல்லைத்தீவிலேயே விசாரித்துவிட்டுப் புறப்படுதல் நன்று.

பையிற் போவன: ஒரு பாய், ஒரு சாரம், துவாய், தொப்பி, பழந்துணி, மருந்துப் பொட்டலம். உணவுக்குப் புழுக்கொடியலும் எள்ளுருண்டையும் பனங்கட்டியும். கூடாரம் வேண்டும் என்று தோழன் பிடிவாதமாக இருந்தான். அதன் வாடகையைக் கேட்டபின் பிடிவாதம் தளர்ந்தது. இரவு தங்குவதற்குப் பாடசாலை ஒன்றின் விறாந்தையைக் கேட்டு அதிபருக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். கிராம அலுவலருக்கும் தெரிவித்திருக்கிறோம். வந்துபோவோர் யாரென்று ஊருக்குத் தெரிந்திருப்பது ஊருக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

எஞ்சியது சோற்றுக் கணக்கு. போன தை மாதம் நானும் மருமகனும் பஸ்ஸேறிச் சென்று, அன்று வாளியைத் தட்டிச் சோறு போட்ட அம்மாவைக் கண்டோம். தகரக் கொட்டில் இப்போது கல்வீடு. முற்றத்தில் கருவாடு காய்ந்தது. அவருக்கு என்னை நினைவில்லை, நான் சொல்லச் சொல்ல, "ஓ, அந்தத் தாகத்திலை வந்த மாஸ்டர்மாரோ!" என்று சிரித்தார். மாசியில் மூவர் வருகிறோம், ஒரு நேரச் சாப்பாடு சமைத்துத் தரவேண்டும், இவ்வளவு தருகிறோம் என்று நான் தொகையைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"சோத்துக்குக் காசு வாங்கிற வீடில்லை, மாஸ்டர். காசோடை வாறதெண்டால் கடைக்குப் போங்கோ."

நான் திகைத்துப் போனேன். மருமகன்தான் கெட்டிக்காரன். "அன்ரி, கருவாடு விக்கிறனீங்களோ?" என்று கேட்டான். விற்பாராம். கிலோ என்ன விலை என்று கேட்டு, சந்தை விலைக்கு மூன்று கிலோ எடுப்பதாகப் பேசி, அரிசியும் பருப்பும் நாங்களே கொண்டுவருவதாகச் சொன்னான். "அரிசி கொண்டாறது வேறை, காசு தாறது வேறை" என்று அவர் இசைந்தார். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று நான் கேட்கவில்லை.

இப்போது கணக்குக் கொப்பியில் மூவருக்கும் சேர்த்து 15,000 ரூபாவும் தலைப்புகளாகப் பிரிந்து நிற்கின்றன: பஸ், சாமான், மருந்து, அவசரத்துக்கு. யாவற்றிலும் பெரிய தொகை கருவாட்டுக்கு. வீட்டிலோ நாங்கள் சைவம். மூன்று கிலோ கருவாட்டையும் என்ன செய்வது என்று தமக்கை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.