பவர் கேட்கும் தரகர்: நகரை ஒட்டிய நிலத்தை விற்கும் முன்...

செங்கல்பட்டில் இருந்து சென்னை கடற்கரைக்குப் புறப்படும் காலை நேர மின்சார ரயிலில் நிற்கவும் இடம் இருக்காது. சிங்கபெருமாள் கோவில், மறைமலை நகர், பொத்தேரி, கூடுவாஞ்சேரி என ஒவ்வொரு நிலையத்திலும் வேலைக்குப் போகிறவர்கள் ஏறிக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்கு வீடு வேண்டும். வீட்டுக்கு மனை வேண்டும். மனைக்கு நிலம் வேண்டும். அந்த நிலம் இன்றைக்கு யாரோ ஒரு விவசாயியின் பட்டாவில் இருக்கிறது.

2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2022-ல் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரில் இருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. இப்படி ஒவ்வொன்று நடக்கும்போதும், ரயில் பாதையை ஒட்டிய கிராமங்களின் டீக்கடைகளில் நிலத்தின் விலைதான் பேச்சாக இருந்தது. அந்தப் பேச்சை விவசாயியின் வீட்டு வாசல் வரை கொண்டு வருகிறவர் உள்ளூர் தரகர்.

தரகர் என்றாலே ஏமாற்றுக்காரர் என்று நினைக்க வேண்டியதில்லை. பல ஊர்களில் அவர் நமக்குப் பங்காளியாகவோ மாமன் மச்சானாகவோ இருப்பார். வாங்க வருபவரை அழைத்து வருவது, வில்லங்கம் போட்டுப் பார்ப்பது, பத்திரப் பதிவு வரை உடன் அலைவது என்று அவர் செய்கிற வேலைக்குக் கூலி உண்டு. வழக்கத்தில் இரு தரப்பிலும் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு. அதை மகிழ்ச்சியாகக் கொடுக்கலாம். 'கமிஷன் வேண்டாம் அண்ணே, ஒரு பவர் மட்டும் போட்டுக் கொடுங்க. மீதியை நான் பார்த்துக்கிறேன்' என்று அவர் சொல்லும்போதுதான் விழித்துக்கொள்ள வேண்டும்.

ஏக்கர் விலையும் சதுர அடி விலையும்

நாம் ஏக்கரில் பேசுகிறோம். மனை வாங்குகிறவர் சதுர அடியில் பேசுகிறார். தரகரின் லாபம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

ஒரு ஏக்கர் என்பது 100 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆக, ஏக்கருக்கு 43,560 சதுர அடி. 2,400 சதுர அடி கொண்ட கிரவுண்டு கணக்கில் 18-க்குச் சற்று மேல்.

கணக்குப் புரிவதற்காக, ஏக்கர் ஒரு கோடி ரூபாய்க்குக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கோடி என்றதும் மனசு தடுமாறும். சதுர அடிக்கு வகுத்துப் பாருங்கள். சுமார் 230 ரூபாய்தான் வரும். சாலை, பூங்கா எல்லாம் போக நூற்றுக்கு 60 பங்கு மனையாக நின்றால் 26,136 சதுர அடி. அதைச் சதுர அடி ஆயிரம் ரூபாய்க்கு விற்றால் 2 கோடியே 61 லட்சம். இந்த வித்தியாசம் முழுவதும் லாபம் அல்ல. மனைப்பிரிவு அனுமதி, சாலை, வடிகால், மின்கம்பம், வட்டி, விளம்பரம் என்று மனை போடுகிறவருக்குச் செலவு உண்டு. ஆனாலும் பக்கத்து மனைப்பிரிவில் சதுர அடி என்ன விலை என்று தெரிந்துகொண்டு பேசுகிற விவசாயியும், தெரியாமல் பேசுகிற விவசாயியும் ஒரே விலைக்கு விற்றுவிட்டு எழுந்திருப்பதில்லை.

விலை பேசும் முன் இரண்டு இடங்களில் விசாரியுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கு உரிய வழிகாட்டி மதிப்பைப் பாருங்கள். அது குறைந்தபட்ச அளவுகோல் மட்டுமே. பிறகு, வாங்க வருபவர் போல ஒரு நாள் பக்கத்து மனைப்பிரிவுக்குப் போய் விலை கேட்டு வாருங்கள்.

பவர் கொடுத்தால் என்ன ஆகும்?

பவர் எனப்படும் பொது அதிகார ஆவணத்தைக் கொடுத்துவிட்டால், பட்டா உங்கள் பெயரில் இருக்கும். விற்கும் கை அவருடையதாகிவிடும். யாருக்கு, எப்போது, என்ன விலைக்கு விற்றார் என்பது உங்களுக்குத் தெரியாமலே போகலாம். பணமும் அவர் கைக்கே போகும். உங்களுக்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டிய கடமை சட்டப்படி அவருக்கு உண்டு. ஆனால் அதைக் கேட்டு நீதிமன்றப் படி ஏறுவது நீங்களாக இருக்கும்.

பவர் பத்திரத்தால் நிலத்தின் உரிமை கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் நிலத்தை விற்பதற்கான பவரும், கிரய அக்ரிமெண்டும் கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டும் என்று 2012-ல் சட்டத் திருத்தம் வந்தது. எனவே வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்டால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

'பிடிக்கவில்லை என்றால் ரத்து செய்துவிடலாமே' என்பார்கள். சாதாரண பவரைப் பதிவு செய்து ரத்து செய்யலாம். பவர் பெற்றவருக்கும் தகவல் கொடுக்க வேண்டும். ஆனால் அவரிடம் பணம் வாங்கிக்கொண்டு, அவருக்கு நிலத்தில் அக்கறை உண்டு என்ற வாசகத்தோடு எழுதிய பவரை நீங்களாகவே ரத்து செய்ய முடியாமல் போகலாம். வயதானவர், வெளியூரில் இருப்பவர் என்று பவர் கொடுத்தே தீர வேண்டிய நிலை இருந்தால் மகன், மகள், உடன்பிறந்தவர் என்று நெருங்கிய உறவுக்கு மட்டும் கொடுங்கள். குறிப்பிட்ட சர்வே எண், குறிப்பிட்ட வேலை என்று வரையறுத்து, பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும் என்றும் எழுதுங்கள்.

அக்ரிமெண்டில் ஒளிந்திருக்கும் வரி

பவர் கிடைக்காதபோது அக்ரிமெண்ட் வரும். அதில் 'தாங்களுக்கோ தாங்கள் குறிப்பிடும் நபருக்கோ கிரயம் எழுதிக் கொடுக்கச் சம்மதிக்கிறேன்' என்று ஒரு வரி இருக்கும். சிறு தொகையை அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டு, வேறு ஆளைத் தேடி அதிக விலைக்குக் கைமாற்றிவிட இந்த வரி வழி செய்கிறது. வாங்குகிறவரின் பெயரிலேயே அக்ரிமெண்ட் போடச் சொல்லுங்கள்.

கெடு எத்தனை மாதம் என்பதையும் கவனியுங்கள். மூன்று மாதத்தில் முடிய வேண்டிய கிரயத்துக்கு மூன்று வருடம் கெடு வைத்தால், ஏறும் விலை முழுவதும் அடுத்தவருக்குப் போகும். கெடு முடிந்தால் அக்ரிமெண்ட் தானாக மறைந்துவிடாது. வில்லங்கச் சான்றில் அது நின்றுகொண்டே இருக்கும். ரத்துப் பத்திரம் பதிவு செய்தால்தான் அடுத்தவர் துணிந்து வாங்குவார். அட்வான்ஸ் தொகை, மீதியைக் கொடுக்கும் தேதி, தவறினால் என்ன என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

பாதி விற்றால் கிணறு யாருக்கு?

நகரை ஒட்டிய ஊர்களில் அதிகம் நடப்பது முழு விற்பனை அல்ல. மகள் கல்யாணத்துக்கோ கடனுக்கோ சாலையை ஒட்டிய பாதியை மட்டும் விற்பார்கள். சாலை முகப்புதான் விலை போகும் என்று தரகரும் அதையே கேட்பார். விற்ற பிறகு பின்புறம் இருக்கும் வயலுக்கு டிராக்டர் போக வழி இருக்காது. நெல் அறுவடை இயந்திரத்தை உள்ளே இறக்க முடியாது.

அதனால் பாதி விற்கும்போது மூன்று விஷயங்களைக் கிரயப் பத்திரத்திலேயே எழுதுங்கள். மீதி நிலத்துக்கு எத்தனை அடி அகலத்தில் எந்தத் திசையில் பாதை என்பது முதலாவது. கிணறு, போர், மோட்டார் யாருக்கு, பொது என்றால் எத்தனை பங்கு என்பது இரண்டாவது. இலவச மின் இணைப்பு, கிணறு உள்ள சர்வே எண்ணோடு சேர்ந்தது. கிணறு விற்ற பகுதிக்குள் போனால் மின்சாரமும் சிக்கலாகும். வாய்க்கால் தண்ணீர் வரும் வழியும் உபரி நீர் வடியும் வழியும் மூன்றாவது. மனை போடுகிறவர் மண் கொட்டி மேடாக்கினால், மழைத் தண்ணீர் உங்கள் வயலில்தான் நிற்கும். பத்திரம் பதியும் முன்பே சர்வேயரைக் கொண்டு அளந்து உட்பிரிவு செய்துவிட்டால் பின்னால் வரப்புத் தகராறு வராது.

பணம் வங்கி வழியே வரட்டும்

'வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம் போடுவோம், மீதியை ரொக்கமாகத் தருகிறோம்' என்ற பேச்சு வந்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம். நிலம் விற்கும்போது 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால், வாங்கிய தொகை அளவுக்கே வாங்கியவர் மீது அபராதம் வரலாம். அதாவது, விற்ற விவசாயி மீது.

இதில் ஊருக்கும் நஷ்டம் உண்டு. நாளை சாலைக்கோ தொழிற்பேட்டைக்கோ அரசு நிலம் எடுத்தால், 2013-ம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டப்படி, சுற்று வட்டாரத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரய விலைகளையும் பார்த்துத்தான் இழப்பீடு கணக்கிடுவார்கள். பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதினால் பக்கத்துக் கொல்லைக்காரரின் இழப்பீடும் சேர்ந்து குறையும்.

வரியையும் முன்கூட்டியே பாருங்கள். கிராமப்புற விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் நகரின் மக்கள்தொகை 10 ஆயிரத்துக்கு மேல் ஒரு லட்சம் வரை என்றால் அதன் எல்லையில் இருந்து 2 கிலோமீட்டர், 10 லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டர், அதற்கும் மேல் என்றால் 8 கிலோமீட்டர் வரை உள்ள நிலம் கிராமப்புற நிலமாகக் கொள்ளப்படாது. தூரம் நேர்கோட்டில் அளக்கப்படும். சாலை வழி அல்ல. அந்த எல்லைக்குள் நிலம் இருந்து, இரண்டு ஆண்டுகளாக நீங்களோ பெற்றோரோ பயிர் செய்திருந்தால், விற்ற இரண்டு ஆண்டுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கி வரிவிலக்குப் பெறலாம். அட்வான்ஸ் வாங்கும் முன்பே ஆடிட்டரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

விற்காமல் குத்தகைக்கு விட்டால்...

விற்பது மட்டுமே வழி அல்ல. வேலைக்கு ஆள் கிடைக்காமல் தரிசாகக் கிடக்கும் நிலத்தைக் குத்தகைக்கு விடலாம். நகரத்தில் இருப்பவர்கள் வாங்கிப் போட்ட நிலத்தை உள்ளூர் விவசாயிகள் தரகர் மூலம் எடுத்து உழுவதும் உண்டு. இரண்டிலும் பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். 1955-ம் ஆண்டு குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை நினைத்து நிலக்காரர் எழுத்துக்கு அஞ்சுகிறார். எழுத்து இல்லாததால், வெள்ளத்தில் பயிர் போனால் உழுதவருக்கு நிவாரணம் கேட்பது கடினமாகிறது.

குத்தகைத் தொகை, காலம், மோட்டார் பழுதுச் செலவு, மரங்களின் பலன், பயிர் நிவாரணம் யாருக்கு, நடுவில் நிலம் விற்கப்பட்டால் அறுவடை வரை அவகாசம் ஆகியவற்றை எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும். உழுகிறவர் அடங்கலில் தன் பயிர் சரியாக ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நகராட்சி எல்லைக்குள் நான்கு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடுகிறவர்களும் உண்டு. அங்கே தரகருக்கு ஒரு மாத வாடகை என்பது வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும்.

கையெழுத்துக்கு முன்

* பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் நான்கிலும் பெயரும் பரப்பும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெயர் மாற்றம் பாக்கி இருந்தால் முதலில் அதை முடியுங்கள்.

* வில்லங்கச் சான்றை நீங்களே எடுத்துப் பாருங்கள். பழைய அடமானம், பழைய அக்ரிமெண்ட் நிற்கிறதா என்று தெரியும்.

* பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் சம பங்கு உண்டு. அக்கா, தங்கைக்குச் சொல்லாமல் விற்ற நிலம் வழக்கில் முடியும். மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டும்.

* மூலப்பத்திரத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். நகல் போதும்.

* விவசாய நிலத் தரகருக்குப் பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை விற்கும் முகவர் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள்.

* கமிஷன் எவ்வளவு, எப்போது என்பதை முதல் நாளே பேசுங்கள். கிரயம் பதிவான அன்று கொடுங்கள்.

ஆளைக் கொண்டு வருவது தரகரின் வேலை. பத்திரம், விலை, பணம் மூன்றும் கடைசி வரை உங்கள் கையில் இருக்கட்டும். பவர் தர மாட்டேன் என்றதும் முகம் சுளித்துப் போகிற தரகர் போகட்டும். நல்ல நிலத்துக்கு இன்னொருவர் வருவார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்ட நிலம் திரும்பி வராது.