47 ஆனால் வரும் வினை!

நம் உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆனது. அவற்றுக்குள் நூல் போன்ற சின்னஞ்சிறு பொருள்கள் இருக்கின்றன. அவற்றின் பெயர் "குரோமோசோம்".

தாய் தருவது 23. தந்தை தருவது 23. ஆக மொத்தம் 46.

"48" என்றே விஞ்ஞானிகள் நெடுங்காலம் நம்பி வந்தார்கள். "46தான்" என்று 1956-ம் ஆண்டில் சுவீடனில் இருந்து ஜியோ, லெவான் என்ற இருவர் அறிவித்தார்கள்.

பங்கீட்டில் பிசகு

கருமுட்டை உண்டாகும்போது, ஒவ்வொரு ஜோடியும் பிரிந்து, ஒன்று மட்டுமே முட்டையில் சேர வேண்டும். சில சமயம் ஒரு ஜோடி பிரிவதில்லை. இரண்டும் சேர்ந்தே போய்விடும். முட்டையில் 24! தந்தையின் 23-ம் சேர்ந்தால், குழந்தைக்கு 47.

21-வது குரோமோசோம் இப்படி மூன்றாகிவிட்டால், அதுவே "டவுன்" குறைபாடு. 1959-ல் மார்த் கோத்தியே, லெஜூன், துர்ப்பேன் என்ற பிரெஞ்சு டாக்டர்கள் இதை வெளியிட்டார்கள். இக்குழந்தைகளின் அறிவு வளர்ச்சி மெதுவாக இருக்கும். பலருக்கு இருதயக் கோளாறும் உண்டு.

யார் குற்றம்?

யார் குற்றமும் அல்ல! தாயின் வயது கூடக் கூட இது அதிகம் நேருகிறது. இளம் தாய்மாருக்கும் நேருவது உண்டு. சில சமயம் பிசகு தந்தையின் பக்கத்திலும் நேரும். கிரகணமோ, கண்ணேறோ, தாய் உண்ட உணவோ காரணம் அல்ல. எனவே, மருமகளைப் பழிக்காதீர்கள்.

கூடிப்போன குரோமோசோமை நீக்க மருந்து இல்லை. ஆனால், இருதயக் கோளாறை ஆபரேஷன் செய்து சரிப்படுத்தலாம். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் இக்குழந்தைகள் படிப்பார்கள். வளர்ந்து வேலைக்கும் போவார்கள்.