சொட்டுச் சொட்டாகப் போகும் பெட்ரோல்

பால் கேன் தொங்கும் மோட்டார் சைக்கிளைப் பார்த்திருப்பீர்கள். மீன் கூடை கட்டிய வண்டியையும் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டில் இப்படி உழைக்கும் வண்டிகள் ஏராளம். இவற்றில் பல, நல்ல சாலையைப் பார்ப்பதே அபூர்வம். வரப்பு, ஓடை, செம்மண், ஜல்லி, மலைப்பாதை என்றே ஓடுகின்றன.

ஒரு நாள் காலையில் வண்டி நின்ற இடத்தில் ஈரம் தெரிகிறது. பெட்ரோல் வாசனை வருகிறது. குனிந்து பார்த்தால் எஞ்சின் பக்கத்தில் சொட்டுகிறது. பட்டறைக்குப் போனால், "கார்புரேட்டரையே மாற்ற வேண்டும்" என்கிறார்கள். அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது.

மாற்றத்தான் வேண்டுமா? பல நேரங்களில் வேண்டாம். ஆனால் சொட்டும் பெட்ரோலை அப்படியே விடவும் கூடாது.

முதலில் ஆபத்தைப் பார்ப்போம். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. அது மேலே போகாது. தரையோடு தவழ்ந்து போகும். பலர் இரவில் வண்டியை வீட்டுக்குள்ளேயே நிறுத்துகிறார்கள். அதே அறையில் அடுப்பு இருக்கும், விளக்கு இருக்கும், பிள்ளைகள் தூங்குவார்கள். அடுப்பு தூரத்தில் இருந்தாலும் ஆவி அங்கே போய்ச் சேரும். குளிர் காலம் என்றாலும் தீப்பிடிக்கும்.

ஆகவே இன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதற்குக் காசு வேண்டாம். வண்டியை வெளியே நிறுத்துங்கள். டாங்கின் அடியில் உள்ள பெட்ரோல் குழாயை மூடுங்கள். குழாயின் மேல் 'ஆன்', 'ஆஃப்', 'ரெஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். 'ஆஃப்' பக்கம் திருப்புங்கள். மூடாமல் விட்டால் என்ன ஆகும்? நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஓர் இரவில் அரை லிட்டருக்கு மேல் போய்விடும்.

கிண்ணம் என்ன வேலை செய்கிறது?

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது கார்புரேட்டர். அதன் அடியில் ஒரு சிறு கிண்ணம் இருக்கிறது. டாங்கிலிருந்து வரும் பெட்ரோல் முதலில் இதில் நிற்கும். உள்ளே ஒரு மிதவை உண்டு. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்தைப் போன்றதுதான் அது. கிண்ணம் நிறைந்ததும் மிதவை மேலே எழும். ஓர் ஊசி போய் வழியை அடைக்கும். பெட்ரோல் நின்றுவிடும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனைக்கு வந்த மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது. அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் இருக்கிறது. மண் பாதைப் பந்தய வண்டிகள் பலவற்றிலும் இதே ஏற்பாடுதான்.

கிண்ணம் பெரும்பாலும் துத்தநாகமும் அலுமினியமும் கலந்த உலோகத்தால் வார்த்தது. இரும்பு போல வளையாது, விரிசல் விடும். கல் தெறித்தால் விரியும். வண்டி சாய்ந்து பாறையில் இடித்தாலும் விரியும். ஆனால் மனிதர் கையால் விரிவதும் குறைவல்ல. திருகாணியை மிகவும் முறுக்குவது, ஒட்டிக்கொண்ட கிண்ணத்தைத் திருப்புளியால் நெம்புவது, இரண்டும் கெடுதல்.

உண்மையிலேயே விரிசல்தானா?

இதுதான் முக்கியமான கேள்வி. சொட்டுவதெல்லாம் விரிசல் அல்ல. எஞ்சின் ஆறட்டும். வெளியே, வெளிச்சத்தில், நெருப்புக்குத் தொலைவில் உட்காருங்கள். பீடி கூடாது. பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து தீயைப் பரப்பும்.

கிண்ணத்தைத் துணியால் நன்றாகத் துடையுங்கள். அதன் மேல் சுண்ணாம்புக்கட்டிப் பொடியைத் தூவுங்கள். பெட்ரோல் குழாயைத் திறங்கள். எந்த இடத்தில் பொடி முதலில் நனைகிறது என்று பாருங்கள்.

அடியில் உள்ள ரப்பர் குழாய் வழியாக ஒழுகினால், கிண்ணத்தின் மேல் குற்றமில்லை. ஊசியில் தூசி அடைத்திருக்கலாம். மிதவையில் ஓட்டை விழுந்திருக்கலாம். மிதவையைக் காதருகே ஆட்டினால் உள்ளே பெட்ரோல் சலசலப்பது கேட்கும். கிண்ணத்தின் விளிம்பில் நனைந்தால் ரப்பர் பேக்கிங் கெட்டிருக்கும். அடித் திருகாணியில் நனைந்தால் வாஷர் கெட்டிருக்கும். இவை எல்லாம் சிறு செலவு. இதைப் பார்க்காமலே முழு கார்புரேட்டருக்கும் பணம் கொடுத்தவர்கள் பலர்.

கிண்ணத்தின் வயிற்றில் மெல்லிய கோடு போல நனைந்தால் அது விரிசல். அதிலும் ஒரு வேறுபாடு உண்டு. சுவரிலோ அடிப்பகுதியிலோ சிறிய விரிசல் என்றால் ஒட்டலாம். திருகாணித் துளை அருகில் என்றால் ஒட்டுப் போட வேண்டாம். முறுக்கும்போது மறுபடியும் விடும். விளிம்பு உடைந்திருந்தாலும் அப்படித்தான். இவற்றுக்கு வேறு கிண்ணம்தான் வழி.

ஒட்டும் முறை

குழாயை மூடுங்கள். கிண்ணத்தில் உள்ள பெட்ரோலை அடித் திருகாணி வழியாக ஒரு தகர டப்பாவில் வடியுங்கள். சரியான அளவுத் திருப்புளியால் கிண்ணத்தைக் கழற்றுங்கள். வரவில்லை என்றால் திருப்புளியின் மரப்பிடியால் மெதுவாகத் தட்டுங்கள்.

கிண்ணத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். ஒரு பகல் வெயிலில் காயவிடுங்கள். அவசரம் வேண்டாம். விரிசலுக்குள் ஒளிந்திருக்கும் பெட்ரோல் போகாவிட்டால் எந்தப் பசையும் பிடிக்காது. ஒட்டு விட்டுப்போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

காய்ந்த பிறகு, விரிசலின் இரு முனைகளிலும் மெல்லிய ட்ரில்லால் ஒரு சிறு துளை போட வேண்டும். பட்டறையில் போட்டுத் தருவார்கள். கிழிசல் நீளாமல் முனையில் தையல் போடுகிறோம் அல்லவா? அதே போலத்தான். பிறகு விரிசல் மீது ரம்பத் துண்டால் கீறி, சிறு பள்ளம் ஆக்குங்கள். சுற்றிலும் உப்புத்தாளால் சொரசொரப்பாகத் தேயுங்கள். அந்த இடத்தை மறுபடி விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும்.

இரண்டு குழாய்களில் வரும் எப்பாக்சி பசையை வாங்குங்கள். உலோகத்துக்கு ஏற்றதா, பெட்ரோலைத் தாங்குமா என்று அட்டையில் படித்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம். அது பெட்ரோலில் இளகும். ஒரு சொட்டில் ஒட்டும் பசையும் நிற்காது. அட்டையில் சொன்ன அளவில் இரண்டையும் கலந்து, வெளிப்பக்கம் பள்ளத்தில் அழுத்தித் தடவுங்கள். உள்பக்கம் தடவ வேண்டாம். துணுக்கு உதிர்ந்தால் ஜெட்டின் துளையை அடைத்துவிடும். 24 மணி நேரம் தொடாமல் வையுங்கள்.

"பற்றவைத்தால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். துத்தநாகம் அதிகமுள்ள கிண்ணம் 400 டிகிரி எட்டும் முன்பே உருகும். சாதாரண வெல்டிங்கில் கிண்ணமே கரைந்து போகும். பெட்ரோல் வாசனை உள்ள பொருளைத் தீயருகே கொண்டு போவதும் தவறு.

பசை இறுகியதும் அடித் திருகாணியைப் போட்டு, கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி, செய்தித்தாள் மேல் ஓர் இரவு வையுங்கள். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டீசல் போதும். காலையில் தாள் காய்ந்திருந்தால் வண்டியில் மாட்டலாம். திருகாணிகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். பிடித்ததும் நிறுத்துங்கள். முதல் வாரம் தினமும் அடியில் தடவிப் பாருங்கள். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. சில பசைகளை அது மெல்ல இளக்கும்.

வழியிலேயே விரிந்துவிட்டால்? எஞ்சின் ஆறிய பிறகு, குழாயை மூடி, துடைத்து, துணி சோப்பை விரிசலில் அழுத்தித் தேயுங்கள். பெட்ரோல் சோப்பைக் கரைக்காது. ஆனால் மழை கரைக்கும். இது பக்கத்துப் பட்டறை வரை போக மட்டும்தான்.

ஒட்டிய கிண்ணம் சில மாதம் ஓடலாம். அதற்குள் பழைய கிண்ணம் ஒன்று தேடுங்கள். டெல்லியில் மாயாபுரி, கொல்கத்தாவில் மல்லிக் பஜார், சென்னையில் புதுப்பேட்டை என்று பழைய உதிரிப் பாகச் சந்தைகள் உண்டு. சிறு ஊர்க் காயலான் கடையிலும் கிடைக்கலாம். போகும்போது உங்கள் கிண்ணத்தைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். கார்புரேட்டர் மேல் பதித்திருக்கும் எழுத்தையும் எண்ணையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு கிண்ணங்களையும் விளிம்போடு விளிம்பு வைத்துப் பாருங்கள். துளைகள் நேராக வர வேண்டும். ஆழமும் ஒன்றாக இருக்க வேண்டும். உள்ளே வெள்ளைப் பொடி பூத்து அரித்திருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். விலை பேசும் முன் அதிலும் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றித் தாள் மேல் வைத்துப் பாருங்கள்.